அரங்கிற்கு முந்திய அவை

எந்தக் கலையும் அரங்கிலே பிறப்பதில்லை. அரங்கேறும் நாளில் அது உலகறிய வெளிப்படுகின்றது. பிறப்பதோ அதற்கு நெடுநாள் முன்னர், ஒத்திகை நிகழும் சிற்றிடத்தில், அங்கு வந்தமர்ந்த சிலர் முன்னிலையில். பாடியவர் பெயரை வரலாறு எழுதி வைக்கின்றது. பாடிய அரங்கின் பெயரையும் எழுதி வைக்கின்றது. ஆயின், அரங்கிற்கு முன்னரே அப்பாட்டைக் கேட்டு, 'இங்கே தாளம் தளர்ந்தது. அங்கே சொல் சிதைந்தது' என்று எடுத்துரைத்துத் திருத்திய சிலரை அது எழுதுவதில்லை. கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழர் வளர்த்த இசையின் வரலாற்றை ஆராய்வார்க்கு இக்குறை பெரிதாகத் தோன்றும். பெருமேடை கிட்டாத காலமே அங்குத் தமிழிசைக்கு நெடியதாக இருந்தது.

இக்காலத்து ராக் இசைக்குழுக்களிடையே ஒரு வழக்கம் உண்டு. பெரிய நிகழ்ச்சிக்கு முன்னர், தம் இசையில் ஈடுபாடு மிக்க சிலரை மட்டும் ஒத்திகை அறைக்கு அழைத்து, நிகழ்ச்சி முழுவதையும் அவர்முன் வாசித்துக் காட்டுவர். அங்கு மேடை இல்லை, திரை இல்லை, வண்ண விளக்கும் இல்லை. தவறு நேர்ந்தால் நிறுத்தி மீண்டும் தொடங்குவர். வந்தவர் சுவரோரம் அமர்ந்து கேட்பர். இது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதற்குத் தமிழ் நூல்களே விடை தருகின்றன.

மாதவியின் அரங்கு

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அரங்கின் அளவை மாணவர்க்குச் சொல்வர். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். கோல் என்பது 24 விரல் அளவினது. ஒரு விரலை ஓர் அங்குலம் என்று தாராளமாகவே கொண்டாலும், அவ்வரங்கு 14 அடி அகலமும் 16 அடி நீளமும் உடையதாகும். சோழ மன்னன் முன்னிலையில் மாதவி ஆடித் தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெற்ற அரங்கு, இன்று நகரத்துக் கடைவீட்டு மாடியில் வாடகைக்கு விடப்படும் ஓர் ஒத்திகை அறையினும் பெரியதன்று. இது வியப்பிற்குரியது.

அதனினும் நோக்கத்தக்கது மற்றொன்று. மாதவி 5ஆம் அகவையில் பயிற்சி தொடங்கி 12ஆம் அகவையில் அரங்கேறினாள். இடைப்பட்ட 7 ஆண்டுகளில் அவள் ஆடலைக் கண்டவர் யாவர்? ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் என்னும் அறுவர். அவர் ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். அரங்கேற்றத்தைப் பாட வந்த புலவர், அரங்கேற்றத்துக்கு முன் கேட்டவரையும் கண்டவரையும் இத்துணை விரிவாகப் பாடியது வாளா நிகழ்ந்ததன்று. அந்த அறுவரே மாதவியின் முதல் அவை. மன்னனின் அவை இரண்டாவதே.

அவையின் இயல்பை அறிந்தே பேசவேண்டும் என்பது திருவள்ளுவர் கொள்கை. அவையறிதல், அவையஞ்சாமை என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை அவர் வகுத்தார். அவை சொல்வன்மை பற்றியன எனினும், இசைக்கும் ஒக்கும். பேரவை பாராட்டும், சிற்றவை திருத்தும். பாராட்டை மட்டும் கேட்டு வளர்ந்த கலை தன் குறையைத் தான் அறியாது.

வெள்ளிக்கிழமை மாலைகள்

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1938இல் மறைந்த வீணை தனம்மாள், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை வாசித்து வந்தார். கேட்க வந்தவர் சிலரே. ஆயினும் அவருட் பெரும்பாலோர் இசை நுணுக்கம் அறிந்தவர்; இசைவாணரும் பலர். அவ்வில்லத்து மரபிலேயே அவர்தம் பெயர்த்தியராகிய பாலசரசுவதியும் பிருந்தாவும் முக்தாவும் தோன்றினர். ஒரு சிறு கூடத்தில் சிலர் காதில் விழுந்த இசை, தென்னாட்டு இசையின் அளவுகோலாகவே பின்னர்க் கொள்ளப்பட்டது.

இங்கு ஒரு வினா எழும். சிலர் முன் நிகழும் இசை எப்பொழுதும் உயர்ந்ததுதானா? அவ்வாறு கூறுதல் இயலாது. 'சிலர்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. தேர்ந்தெடுத்து உள்ளே விடப்பட்ட சிலர் ஒரு வகை. பெரிய வாயில்கள் அடைக்கப்பட்டமையால் வெளியே தமக்குள் கூடிய சிலர் மற்றொரு வகை. தனம்மாள் இல்லத்துச் சுவைஞர் முதல் வகையினர். மலாயாத் தோட்டங்களில் பறையடித்துப் பாடியவர்முன் குந்தியிருந்து கேட்டவர் இரண்டாம் வகையினர். இவ்விரு வகையையும் வேறுபடுத்தி அறிந்தாலன்றிக் கிள்ளான் பள்ளத்தாக்கின் இசை வரலாறு விளங்காது.

லயத்து முற்றம்

1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டித் தமிழர் குடியிருப்புகள் பெருகின. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸ், இருப்புப்பாதைத் தொழிலாளரும் எழுத்தரும் வாழும் இடமாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர் குடும்பங்கள் அங்கே கந்தசுவாமி கோயிலை எழுப்பின. அப்பால், கிள்ளானைச் சூழ்ந்த புக்கிட் ராஜா, கேரித் தீவு முதலிய தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் வாழ்ந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையின்கீழ் ஆள் சேர்ப்பதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதற்குள் ஒரு முழுச் சமுதாயமே அங்கு வேரூன்றிவிட்டது.

அச்சமுதாயத்தின் இசைக்கு அரங்கு எது? விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து பால்மரம் சீவச் சென்ற மக்களுக்கு மாலைப் பொழுதே ஓய்வு. லயத்து முற்றத்திலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றிலிலும் பறையும் உருமியும் முழங்கின. உருமி நடுவே இடுங்கிய உடலையுடைய இருமுகத் தோற்கருவி. ஒரு முகத்தை மெல்லிய கோலால் அடிப்பர். மறுமுகத்தை வளைந்த கோலால் தேய்ப்பர். தேய்க்கும்பொழுது எழும் உறுமல் ஒலியே அதற்குப் பெயராயிற்று. அடியும் தேய்ப்பும் ஒன்றோடொன்று இசைவதற்கு நெடுநாட் பழக்கம் வேண்டும். பாடுவோன், உருமிக்காரன், தாளக்காரன் ஆகியோர் மூச்சு ஒன்றுதல் வேண்டும். அதற்காகவே திருவிழாவுக்கு முந்திய நாட்களில் அவர்கள் கூடி அடித்துப் பார்த்தனர். சுற்றியிருந்த அண்டை வீட்டாரே அவர்தம் அவையினர்.

இந்த இசை இகழப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. பறையைத் தொட்ட கைக்குச் சாதி இழிவு கற்பித்த வழக்கம் கப்பலேறிக் கடல் கடந்தும் வந்தது. செவ்வியல் இசைக்கு நகரத்து வீட்டுக் கூடங்கள் திறந்திருந்தன. தோலிசைக்கு முற்றமே கிட்டியது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததன் பின்னர் வலுவடைந்த சீர்திருத்த இயக்கம் சாதி இழிவைச் சாடியது. இழிவு குறையக் குறையக் கருவியின் மதிப்பு உயர்ந்தது. இன்று தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் காவடி செல்லும் வழியெங்கும் உருமி மேளக் குழுக்களே முன்னிற்கின்றன. இளைஞர் பெருமையோடு அக்கருவியைத் தோளில் தாங்குகின்றனர். லயத்து முற்றத்தில் சிலர் காத்த இசை பல இலட்சம் மக்கள் கூடும் விழாவின் ஒலியாயிற்று.

கித்தார் வந்த காலம்

1961ஆம் ஆண்டு நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தனர். அதன்பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மின்கித்தார் ஏந்திய இளைஞர் குழுக்கள் மளமளவெனத் தோன்றின. மலாய் மொழியில் இவை 'குகிரான்' எனப்பட்டன. மூன்று கித்தார், ஒரு முரசுத் தொகுதி, ஒரு பாடகர் என்பது பொது அமைப்பு. கருவி வாங்கப் பொருளில்லாதவர் இரவல் வாங்கினர். ஒத்திகைக்கு அறை இல்லாதவர் வீட்டு முன்கூடத்தையே அறையாக்கினர். தெருப்பிள்ளைகள் சன்னலோரம் நின்று கேட்டனர்.

இக்காலத்தில் எழுந்த குழுக்களில் தமிழர் நினைவுகூரத்தக்கது ஆலிகேட்ஸ். பினாங்கில் 1960களின் இறுதியில் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறந்தாரை முன்னிறுத்தி அது தோன்றிற்று. அடர்ந்து சுருண்ட கேசத்தோடு மேடையேறிய இவ்விருவரும் ஹாங்காங்கிலும் வாசித்துத் தேர்ந்தபின், 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ் பெற்றனர். கோலாலம்பூர் அவர்தம் புகழின் தலைநகராயிற்று. லோகநாதன் 2007இல் மறைந்தபொழுது இன வேறுபாடின்றி மலேசியர் வருந்தினர்.

தமிழ்ப் பிள்ளைகள் இருவர் பாடிய பாட்டு ஏன் தமிழ்ப் பாட்டாக அமையவில்லை என்று கேட்பார் உளர். அவ்வினாவில் குறைகூறும் நோக்கம் இருத்தல் கூடாது. நாட்டு மொழியாகிய மலாயில் பாடினால் நாடு முழுவதும் கேட்கும், இசைத்தட்டு விற்கும். தமிழிலோ, திரைப்படப் பாட்டே இசைத்தட்டையும் வானொலியையும் நிறைத்திருந்தது. மலேசியத் தமிழ் இசைக்குழுக்கள் திருமணத்திலும் கோயில் திருவிழாவிலும் திரைப்பாட்டையே வாசிக்குமாறு கேட்கப்பட்டன. தாமே இயற்றிய தமிழ்ப் பாட்டைக் கித்தாரோடு பாட விரும்பிய இளைஞனுக்கு மேடை இல்லை, இசைத்தட்டு இல்லை, ஒத்திகை அறை மட்டுமே இருந்தது. அங்கு வந்து கேட்ட நண்பர் சிலரே அவனுக்கு நாடும் நகரும் ஆயினர்.

ஒத்திகையே அரங்கான கதை

ஒத்திகையின் பெருமையை மேனாட்டார் உணர்ந்த நிகழ்ச்சியும் ஏறத்தாழ அக்காலத்ததே. அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1961இன் தொடக்கத்திற்குப் பின் 7 ஆண்டுகள் மக்கள்முன் நேரில் பாடாமல் திரைப்படங்களிலேயே காலங்கழித்தார். 1968இல் அவருக்காக ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. நாள்தோறும் ஒத்திகை முடிந்தபின் எல்விஸ் தம் நண்பரோடு ஒப்பனை அறையில் அமர்ந்து, கித்தாரை மீட்டிப் பழைய பாட்டுகளைப் பாடிச் சிரித்து மகிழ்வதை இயக்குநர் ஸ்டீவ் பின்டர் கண்டார். பெரிய இசைக்குழுவோடு பாடும்பொழுது காணாத உயிர்ப்பு அவ்வறையில் இருந்தது. அதனை அங்கேயே படம் பிடிக்க அவர் விரும்பினார். எல்விஸின் மேலாளர் இசையவில்லை. ஆகவே, மற்போர்க் களம் போன்ற ஒரு சிறு சதுர மேடையை அமைத்து, பழைய தோழராகிய ஸ்காட்டி மூர், டி. ஜே. ஃபொன்டானா முதலியோரை எல்விஸோடு நெருங்கி அமரச் செய்து, கேட்போரை மேடையோரத்திலேயே சூழ இருத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியே எல்விஸின் புகழை மீட்டது. ஒப்பனை அறையின் சிற்றவையை மேடைக்குக் கொண்டுவந்ததே அதன் சிறப்பாகும்.

அடுத்த மாதமாகிய 1969 ஜனவரியில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் தம் ஒத்திகையையே படமாக்கினர். பாட்டு அரைகுறையாகத் தொடங்குவது, சொல் கிடைக்காமல் தடுமாறுவது, தம்முள் பிணங்குவது, திடீரெனப் பாட்டு உருப்பெறுவது யாவும் பதிவாயின. அம்மாதம் 30ஆம் நாள் இலண்டன் சாவில் ரோவிலுள்ள தம் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறி வாசித்தனர். அதுவே அவர்கள் நால்வரும் சேர்ந்து பொதுவில் வாசித்த இறுதி நிகழ்ச்சி. ஐம்பதாண்டு கழித்து, 2021இல், அப்பதிவுகள் நெடிய தொடராக வெளிவந்தபொழுது, முடிந்த பாட்டை மட்டும் அறிந்திருந்த உலகம் அது முடிவதற்கு முன் பட்ட பாட்டைக் கண்டு வியந்தது. அங்கே படக்கருவி இருந்தது, ஒத்திகை வரலாறாயிற்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் வீட்டு முன்கூடங்களில் படக்கருவி இல்லை. வேறுபாடு இசையில் இல்லை, பதிவில் உள்ளது.

கடைவீட்டு மாடி

1990களில் கோலாலம்பூரில் தோன்றிய பொயட்டிக் அம்மோ என்னும் சொல்லிசைக் குழு, ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், காண்டோனியம் ஆகிய மொழிகளிலும் பாடியது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி பின்னர் நட்சத்திரா குழுவினரோடு இணைந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். 1980இல் வந்த திரைப்படமொன்றில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை அடியொற்றி அதில் அவர்கள் பாடியது தமிழகத்தும் பரவியது. தமிழகத்திலிருந்தே மலேசியாவுக்கு இசை வரும் என்றிருந்த நிலை மாறி, மலேசியத் தமிழிசை தமிழகத்துக்குச் சென்றது. திரைப்படத்தின் துணையின்றித் தமிழில் பாடினால் கேட்பார் உண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் 'ஜாமிங் ஸ்டூடியோ' என்று வழங்கும் ஒத்திகை அறைகள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அறைக்குள் முரசும் ஒலிபெருக்கியும் ஆயத்தமாக இருக்கும். சுவரில் ஒலி உறிஞ்சும் பஞ்சுப் பலகை ஒட்டியிருப்பர். ஆளில்லாத அறையில் எதிரொலி மிகும். சிலர் வந்தமர்ந்தவுடன் அவர்தம் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுதலால் இசையின் தன்மையே மாறும். ஆதலின் கேட்போர் வருகை ஊக்கம் தருவதோடு ஒலியையும் திருத்துகின்றது. முரசின் ஓசையில் பாடகனின் சொல் அமிழ்ந்துபோவதை முரசடிப்பவன் அறியான், பாடுபவனும் அறியான். எதிரே இருப்பவனே அறிவான். 'ழகரம் கேட்கவில்லை' என்று அவன் சொன்னால் அது இசைத் திருத்தமும் ஆகும். மொழித் திருத்தமும் ஆகும். தமிழாசிரியர் வகுப்பறையில் செய்யும் பணியைச் சிற்றவை அங்கே செய்கின்றது.

செவ்வியற் கலைகளுக்கு இந்நகரில் நிலையான இல்லங்கள் அமைந்துவிட்டன. சுவாமி சாந்தானந்த சரசுவதியின் ஊக்கத்தால் 1981இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்ஃபீல்ட்ஸில் பயிற்சிக் கூடமும் அரங்கும் உடையதாய் விளங்குகின்றது. உருமிக்கும் கித்தாருக்கும் அத்தகைய இல்லம் வாய்க்கவில்லை. வாடகை நேரம் முடிந்தால் அறையை விட்டு இறங்க வேண்டும். இருள் முதிர்ந்தால் அடுக்குமாடி வீட்டார் முரசை நிறுத்தச் சொல்வர். இந்நெருக்கடியினூடேதான் புதிய தமிழ்ப் பாட்டு பிறந்துகொண்டிருக்கின்றது.

புக்கிட் ஜாலில் தரும் பாடம்

கோலாலம்பூரின் தென்பகுதியிலுள்ள புக்கிட் ஜாலில் முன்னர் ஒரு ரப்பர்த் தோட்டம். 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக அங்கே எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய தேசிய அரங்கம் எழுந்தது. எஞ்சியிருந்த தோட்டக் குடும்பங்கள் வீட்டுரிமை வேண்டிப் பல்லாண்டுகள் போராடின. 2023 ஜனவரியில் அவ்வரங்கத்தில் ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்தது. பெருங்கூட்டம் திரண்டு தமிழ்ப் பாட்டைக் கேட்டு மகிழ்ந்தது. அது மகிழ்தற்குரியதே. ஆயினும் அந்த மண்ணில் முதன்முதலாகத் தமிழிசை ஒலித்த இடம் அவ்வரங்கம் ஆகாது. தோட்டம் இருந்த காலத்தில் அங்கு உழைத்தவர் தமக்குள் பாடினர். தம்மவர் சிலர் கேட்டனர். தோட்டம் நகரானபோது லயம் இடிந்தது. முற்றமும் உடன் போயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் 'நூறு குவார்ட்டர்ஸ்' எனப்பட்ட இருப்புப்பாதைக் குடியிருப்பும் இடிப்புக்கு இரையாயிற்று. இடங்கள் மறையும்பொழுது அவற்றில் நிகழ்ந்த சிற்றவைகளின் நினைவும் மறைகின்றது.

ஒத்திகையைக் கேட்ட சிலருள் இன்னும் பலர் உயிரோடிருக்கின்றனர். புக்கிட் ராஜாவிலும் கேரித் தீவிலும் உருமி கேட்டு வளர்ந்தவரும், பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சன்னலோரம் நின்று கித்தார் கேட்டவரும் இன்று முதியோர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். 'பாட்டன் கேட்ட பாட்டு எது? எங்கே கேட்டார்? யார் பாடினார்? உடன் இருந்தோர் யாவர்?' என்னும் நான்கு வினாவை ஒரு கட்டுரைப் பயிற்சியாக மாணவரிடம் கொடுத்தால், ஒரு பள்ளியாண்டுக்குள் ஒரு வட்டாரத்தின் இசை வரலாறு ஏட்டிலேறும். அதற்குப் பெரும்பொருள் வேண்டா; கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும்.

மாதவியின் புகழைப் பாடிய இளங்கோவடிகள், அவளை முதலிற் கண்ட அறுவரையும் மறவாது பாடினார். அதனாலன்றோ அவ்வறுவரின் தகுதியும் இன்றுவரை நிலைத்தது! பெரிய அரங்கங்களின் கணக்கை நாட்டு ஆவணங்கள் காக்கும். அரங்கிற்கு முந்திய அவையைக் காக்கும் கடமை, அதனை நினைவில் வைத்திருக்கும் மக்களிடமும் அந்நினைவை ஏட்டிலேற்ற வல்ல ஆசிரியரிடமுமே உள்ளது.